படத்தில் என்ன இல்லை

ஆறு வயதில் அவர்கள் மொழியில்
எனக்குப் பேசத் தெரிந்தது இவ்வளவுதான்:
தயவு செய்து. நன்றி.
நான் எடுக்கவில்லை.

அன்று விடியுமுன் அம்மா பனியை உருக்கி
என் தலையில் ஊற்றினாள்.
புருவம் மேலேறும்படி இழுத்துப் பின்னினாள்.
ஹோர்னாட் ஆற்றுப் பாலம் வரை ஒன்றும் பேசவில்லை.
பாலம் தாண்டியதும்
"நம்ம பாஷை பேசிடாதே" என்றாள்,
நம்ம பாஷையில்.

அந்த அறையில் வெப்பக்குழாய் மேல்
ஆரஞ்சுத் தோல் காய்ந்துகொண்டிருந்தது.
நாற்காலியிலிருந்து என் கால்
தரைக்கு எட்டவில்லை.
அந்த அம்மையார் நல்லவர், அதைச் சொல்லியாக வேண்டும்.
சிரித்தார். மிட்டாய்கூட எடுத்து வைத்திருந்தார்.

ஓர் அட்டையில், குழாயில் வழியும் நீர்.
"பானி" என்றேன்.
நீலப் பேனா ஒரு கோடு போட்டது.
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.
"நக்" என்றேன்.
இன்னொரு கோடு.
என் வாயில் தண்ணீர் இருந்தது, மூக்கு இருந்தது.
அவர் தாளில் இரண்டும் இல்லை.

பிறகு ஒரு கதவு.
இந்தப் படத்தில் என்ன இல்லை?

கேள்வி புரிந்தது.
"இல்லை" என்பதை
கடையில், பேருந்துப் படியில், மருத்துவமனை ஜன்னலில்
எத்தனையோ முறை கேட்டிருக்கிறேனே.
குனிந்து பார்த்தேன்.
பலகை இருந்தது. சட்டம், கீல், வாசற்படி.
எங்கள் கதவு டயர் ரப்பரில் தொங்கும்,
இரவில் கம்பியால் கட்டுவோம்.
இது எவ்வளவு நல்ல கதவு!
ஒரு குறையும் இல்லை என்று தலையாட்டினேன்.

கோடு.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது,
கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.
போட்டாள்.

சிறப்புப் பள்ளி என்று அதற்குப் பெயர்.
சிறப்பு என்றால்
கொதிகலன் அறைப் பக்கத்து வாசல்.
மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தபின் ஆறிய சூப்.
நான்காம் வகுப்பிலும் இருபது வரைதான் எண்கள்,
அதற்கு மேல் எங்களுக்குத் தாங்காதாம்.
மாலையில் அண்ணன் கெய்ஸாவோடு
பழைய இரும்பு எடைபோடப் போவேன்.
பதினேழரைக் கிலோ, கிலோவுக்கு இவ்வளவு,
துருவுக்குக் கழிவு இவ்வளவு.
கடைக்காரன் ஏமாற்றுவதற்குள் சொல்லிவிடுவேன்.
காலையில் மறுபடி ட்யூலிப் பூவுக்கு வண்ணம்.
எட்டு வருடம் ட்யூலிப்.

ஒருநாள் பந்து வேலி தாண்டிப் போயிற்று.
எடுத்தவள் லூபிட்சா, அந்தப் பக்கத்துப் பள்ளி.
"உங்களுக்கெல்லாம் மூளையில் ஏதோவாமே,
தொட்டால் ஒட்டுமா?"
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.
"தெரியாது" என்றேன்.
எனக்கும் தெரியாதுதான்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
பந்தைக் காலால் தள்ளினாள்.

இப்போது ஷெஃபீல்டில் ஒரு கிடங்கில் இரவுப்பணி.
என்ன சரக்கு என்று கேளுங்கள்.
கைப்பிடி. கதவுக்கு.
பித்தளை, எஃகு, கறுப்பு பூசியது,
பெட்டிக்கு நாற்பத்தெட்டு.
பன்னிரண்டு பெட்டி என்று கீத் கால்குலேட்டரைத் தேடுவதற்குள்
ஐநூற்று எழுபத்தாறு என்கிறேன்.
"எங்கே படித்தாய்?" என்கிறான்.
டேப்பைக் கிழித்து அடுத்த பெட்டியை ஒட்டுகிறேன்.

முதல் வாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு
அப்படியே நின்றுவிட்டேன்.
அடடா, இதுவா?
இருபத்தேழு வருடம் கழித்து விடை
உள்ளங்கையில் சில்லென்று இருந்தது.
பையில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.
போடவில்லை.
நான் எடுக்கவில்லை.

ஆனால் அந்த அம்மையாரிடம் ஒன்று கேட்க வேண்டும்,
உயிரோடு இருந்தால்.
உள்பக்கம் மட்டும் கைப்பிடி வைத்த கதவுகளும்
இந்தக் கிடங்கிலிருந்துதான் போகின்றன.
அந்தப் படத்தை
எந்தப் பக்கம் நின்று வரைந்தார்கள்?